நூற்றிருபத்தேழு கட்டத்து நெற்கணக்கு

சதுரங்கப் பலகையில் நெல் வைக்கும் கதையை அறியாத வீடு நம் காலனியில் இராது. முதற் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துத் தரவேண்டும் என்று ஒரு புலவன் பரிசில் கேட்டான். இவ்வளவுதானா என்று அரசன் நகைத்துச் சம்மதித்தான். களஞ்சியம் காலியாகியும் பலகை நிரம்பவில்லை. பாட்டிமார் அரசனின் செருக்கு அடங்கியதோடு கதையை முடித்துவிடுவார்கள். நாம் அக்கதையின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கு மேலைநாடுகளில் முந்நூறு ஆண்டுகள் பட்ட பாட்டை இம்மலரில் எழுத முற்படுகிறோம். கணக்கு என்றதும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. நாமும் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவரே.

அறுபத்து நான்கு கட்டத்து நெல்லையும் கூட்டினால் 18446744073709551615 வரும், இருபது இலக்கம். இதனை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், அதுவரையுள்ள மொத்தம் அடுத்த கட்டத்துக்குரிய நெல்லைவிட ஒன்றே ஒன்று குறைவு. மூன்று கட்டத்தில் நிறுத்தினால் ஒன்றும் இரண்டும் நான்கும் சேர்ந்து 7. நான்காம் கட்டத்து நெல் 8. ஆகவே, கட்டங்கள் எத்தனையோ அத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் மொத்தம் கிடைத்துவிடும். இத்தகைய மொத்தங்களைப் பன்முறை குறிப்பிட வேண்டியிருப்பதால், 3 கட்டத்து எண் 7, 5 கட்டத்து எண் 31, 7 கட்டத்து எண் 127 என்று இக்கட்டுரையில் வழங்குவோம். கணித நூலோர் இவற்றை மெர்சென் எண்கள் என்பர். அப்பெயருக்குரியவர் சற்றுப் பின்னர் வருகிறார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. 7, 31, 127 ஆகிய மூன்றும் பகா எண்கள். 64 கட்டத்து எண் அவ்வாறன்று; ஐந்தில் முடிவதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களில் உள்ள நெல் 255. இரண்டாம் வரிசையில் அதுபோல் 256 மடங்கு. மூன்றாவதில் மேலும் 256 மடங்கு. எல்லா வரிசையும் 255-இன் மடங்காகவே இருப்பதால் மொத்தமும் 255-ஆல் வகுபடும். கட்டங்களைச் சம வரிசைகளாகப் பிரிக்க முடியுமானால் நெல்லையும் அவ்வாறே பிரித்துவிடலாம் என்பது இதனால் விளங்கும். ஆதலின் மொத்தம் பகா எண்ணாக வேண்டுமானால் கட்டங்களின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருத்தல் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான்; எனினும் 11 கட்டத்து எண்ணாகிய 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை. எத்தனை கட்டத்துப் பலகை பகா எண்ணைத் தரும் என்னும் கேள்வி இங்கே பிறக்கிறது.

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் கிரேக்கர்கள். 6 என்னும் எண்ணை 1, 2, 3 ஆகியவை வகுக்கும். அம்மூன்றையும் கூட்டினாலும் 6 தான். 28-ம் அத்தகையதே. இவற்றை நிறைவெண் என்பர். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட், பலகையின் மொத்தம் பகா எண்ணாக இருந்தால், அதனைக் கடைசிக் கட்டத்து நெல்லால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்று நிறுவினார். 3 கட்டப் பலகையில் கடைசிக் கட்டம் 4, மொத்தம் 7, பெருக்கினால் 28. 5 கட்டத்தில் பதினாறும் முப்பத்தொன்றும் பெருக 496.

இனி மெர்சென். 1588-இல் பிறந்து 1648-இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி இவர். பாரிஸ் நகரத்து மடத்தில் இருந்துகொண்டே ஐரோப்பாவின் அறிஞர் பலரோடும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். ஆராய்ச்சி இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் அறிந்தது பெரும்பாலும் இவர் மூலமாகத்தான். எம் போன்றோர் பாஷையில் சொன்னால், அவர் மடம் ஒரு பெரிய ஜங்ஷன். 1644-இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 257 கட்டம் வரையில் பகா எண்ணைத் தரும் பலகைகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே என்பது அதன் சாரம்.

257 கட்டத்து எண்ணுக்கு 78 இலக்கங்கள். அதனை அவர் எவ்வாறு சோதித்தார் என்று கேட்டால், சோதிக்கவே இல்லை என்பதுதான் விடை. பதினைந்து, இருபது இலக்கம் உள்ள ஓர் எண் பகா எண்ணா என்று அறிய எல்லாக் காலமும் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் பட்டியல் அச்சேறிவிட்டது. பெரியவர் ஒருவர் பெயரும் அதில் இருந்தது. முழுவதும் சரிபார்த்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளில் ஒரு பிழை ஏறிவிட்டால் அதனை இறக்குவது எவ்வளவு பாடு என்பதை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

31 கட்டத்து எண்ணை, அதாவது 2147483647-ஐ, 1772-இல் ஆய்லர் பகா எண் என்று உறுதிசெய்தார். அப்போது அவர் கண்பார்வையை ஏறக்குறைய முற்றும் இழந்திருந்தார். இவ்வெண்ணுக்கு வகுஎண் ஏதேனும் இருக்குமானால் அது 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் முதலில் காட்டினார். அவ்வாறான எண்கள் வேண்டிய எல்லைக்குள் நானூறுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. கோடிக்கணக்கில் இருந்த எண்ணை நானூறு வகுத்தலுக்குள் அடக்கியது சாமானியமன்று. 1811-இல் பார்லோ என்னும் ஆங்கிலேயர் தம் நூலில், இதிலிருந்து பெறும் நிறைவெண்ணே மனிதர் என்றைக்கும் காணப்போகும் மிகப் பெரிய நிறைவெண்ணாக இருக்கும் என்றும், பயனில்லாத வெறும் வியப்புப் பொருளான இவற்றைத் தேடி இதற்கு மேல் ஒருவரும் போகமாட்டார்கள் என்றும் எழுதி வைத்தார். பயனில்லை என்று பிறர் சொல்லிவிட்டதற்காக ஒரு காரியத்தை விட்டுவிடுகிறவர்கள் உலகில் மிகவும் குறைவு என்பதை அவர் கருதவில்லை போலும்.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் எதுவார் லூகாஸ். பிரான்சில் அமியான் என்னும் ஊரில் 1842-இல் பிறந்தவர். பாரிஸ் வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். 1870-இல் மூண்ட பிரஷ்யப் போரில் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். இவருடைய ஒரு விளையாட்டு நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. மூன்று குச்சிகள், ஒன்றில் பெரிதின்மேல் சிறிதாக அடுக்கிய வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றாக எடுத்து, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், முழு அடுக்கையும் மற்றொரு குச்சிக்கு மாற்ற வேண்டும். 1883-இல் லூகாஸ் இதனை ஹனாய் கோபுரம் என்ற பெயரில் வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 பொற்றட்டுகளை அர்ச்சகர்கள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டிருப்பதாகவும், மாற்றி முடிந்தால் உலகமும் முடிந்துவிடும் என்றும் அவ்விளையாட்டோடு ஒரு கதையும் வழங்கியது. காசிக்குப் போய்வந்த நம் அன்பர்கள் அப்படி ஒரு கோயிலைக் கண்டிருக்க மாட்டார்கள், அது கற்பனை. ஆனால் கணக்கு மட்டும் மெய். 64 தட்டுகளை மாற்றத் தேவையான அசைவுகள் 18446744073709551615. புலவன் கேட்ட நெல்லும் காசி அர்ச்சகர் அசைவும் ஒரே எண்.

விளையாட்டு கிடக்கட்டும். 1876-இல் லூகாஸ் 127 கட்டத்து எண்ணை எடுத்துக்கொண்டார். அது இது:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

முப்பத்தொன்பது இலக்கம். ஆய்லர் வழியில் வகுஎண்களைச் சுருக்கி, 254-ஆல் வகுத்தால் 1 மீதி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விநாடிக்கு ஒன்றாக ஓயாமல் வகுத்தாலும் 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லூகாஸ் வகுஎண்ணைத் தேடவே இல்லை. வகுஎண் உண்டா இல்லையா என்பதை வகுஎண்ணைக் காணாமலே அறிவதற்கு ஒரு வழி கண்டார்.

அவ்வழியை 1930-ஐ ஒட்டி லேமர் என்னும் அமெரிக்கர் சீர்படுத்திய எளிய வடிவில் இங்கே தருகிறோம். 4 என்னும் எண்ணில் தொடங்குக. அதன் வர்க்கத்தைக் கண்டு இரண்டைக் கழிக்க. சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அம்மீதியின் வர்க்கத்தைக் கண்டு மீண்டும் இரண்டைக் கழித்து மீண்டும் வகுக்க. கட்டங்களின் எண்ணிக்கைக்கு இரண்டு குறைவாக இத்தனை முறை என்று செய்து முடித்ததும், கடைசி மீதி பூஜ்யமானால் அது பகா எண். பூஜ்யம் அல்லவெனில் அது பகுபடும் எண். கட்டங்களின் எண்ணிக்கை இரண்டைத் தவிர்ந்த பகா எண்ணாக இருக்கும் எல்லாப் பலகைக்கும் இது பொருந்தும்.

7 கட்டத்து எண்ணாகிய 127-ஐப் பார்ப்போம். ஐந்து முறை செய்ய வேண்டும். நான்கின் வர்க்கம் 16, இரண்டு போக 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 127-ஆல் வகுக்க மீதி 67. அதன் வர்க்கம் 4489, இரண்டு போக 4487, மீதி 42. அதன் வர்க்கம் 1764, இரண்டு போக 1762, மீதி 111. அதன் வர்க்கம் 12321, இரண்டு போக 12319, இது 127-இன் சரியான 97 மடங்கு, மீதி பூஜ்யம். 127 பகா எண். இனி 11 கட்டத்து எண்ணாகிய 2047-க்கு ஒன்பது முறை செய்து பாருங்கள். 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று வந்து 1736-இல் நிற்கும். பூஜ்யம் வராததால் அது பகுபடும். 23, 89 என்னும் காரணிகள் இக்கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகுபடும் என்று மட்டும் தெரிகிறது. எதனால் பகுபடும் என்பது தெரியவில்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் 13 கட்டத்து எண்ணாகிய 8191-ஐ எடுத்துக்கொள்ளலாம். பதினொரு படிகள், பிழையின்றிச் செய்தால் பூஜ்யம் வரும்.

குற்றம் உண்டென்று தெரிந்து, குற்றம் எங்கென்று தெரியாமல் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சரக்கு வேகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியிருக்கும் பதினோரிலக்க எண்ணை நம் காலனியார் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதில் பதினோராவது இலக்கம் முந்திய பத்திலிருந்து ஒரு விதிப்படி பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம். யார்டில் குறித்தவர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் பதினோராவது இலக்கம் ஒத்துவராது. எண் பிழை என்பது உறுதி. எந்த இலக்கம் பிழை என்பதை மட்டும் அது சொல்லாது. மீண்டும் ஒருவர் வெயிலில் போய்ப் பார்த்துவர வேண்டும். லூகாசின் சோதனையும் இவ்வாறே தீர்ப்பை மட்டும் கூறிக் காரணத்தைக் கூறாமல் விடும்.

127 கட்டத்து எண்ணுக்கு இப்படிகள் 125. ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்ணைத் தன்னால் பெருக்கி 77 இலக்கம் வரையில் போய், பிறகு 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். பெருக்கலையாவது பொறுத்துக்கொள்ளலாம், இவ்வகுத்தலை நினைத்தால் எமக்கே தலை சுற்றுகிறது. இங்கேதான் லூகாஸ் மறுபடியும் பலகைக்குத் திரும்பினார். எந்த எண்ணையும் பலகையில் கட்டத்துக்கு ஒரு காய்க்கு மேல் வைக்காமல் எழுதிவிடலாம். முதற் கட்டத்துக் காய்க்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4. ஐந்தை எழுத முதற் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் ஒவ்வொரு காய். ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த கட்டத்தில் ஒன்று வைக்க வேண்டும். இப்போது 128-ஆம் கட்டத்துக்கு ஒரு காய் போனால் என்ன செய்வது? அதன் மதிப்பு 127 கட்டத்து மொத்தத்தைவிட ஒன்று மிகுதி என்று தொடக்கத்தில் கண்டோம் அன்றோ? மொத்தத்தால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே 128-ஆம் கட்டத்துக் காயை எடுத்து முதற் கட்டத்தில் வைத்தால் போதும். 129-ஆம் கட்டத்துக் காயை இரண்டாம் கட்டத்தில் வைக்கலாம். வகுத்தல் என்னும் வேலையே ஒழிந்தது. பழைய கணக்கர்கள் ஒன்பது தள்ளிச் சரிபார்த்ததும் இதே தந்திரம். 4487-ஐ 99-ஆல் வகுத்தால் வரும் மீதி வேண்டுமானால் 44-ஐயும் 87-ஐயும் கூட்டி 131, பிறகு ஒன்றையும் 31-ஐயும் கூட்டி 32 என்று சொல்லிவிடலாம். பத்தின் கணக்கில் 99 என்றால் எல்லாம் ஒன்பது. இரண்டின் கணக்கில் மெர்சென் எண் என்றால் எல்லாம் ஒன்று. 127 கட்டம் அகலமும் 127 கட்டம் உயரமும் உள்ள பலகையில் காய்களை வைத்தும் எடுத்தும் நகர்த்தியும் செய்யத்தக்கதாக லூகாஸ் இம்முறையை விவரித்திருக்கிறார். தாம் செய்த பொம்மைக்குக் காசிக் கதை கொண்டவருக்கு இதுவும் ஒரு விளையாட்டே.

127 கட்டத்து எண் பகா எண் என்று முடிவாயிற்று. மெர்சென் சொன்னது அந்த இடத்தில் சரி. ஆனால் அதே 1876-இல் லூகாஸ் 67 கட்டத்து எண் பகா எண் அன்று என்றும் காட்டினார். 232 ஆண்டுகள் நின்ற பட்டியலில் முதல் ஓட்டை விழுந்தது. வழக்கம்போல் காரணிகள் தெரியவில்லை. அவை கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபர் 31-ஆம் நாள் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்னும் பேராசிரியர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் இரண்டை 67 முறை எடுத்துப் பெருக்கி ஒன்று கழித்து 147573952589676412927 என்று எழுதினார். மறுபக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. வாய் திறவாமலே போய் அமர்ந்தார். அவையோர் கைதட்டினர் என்று கூறுவார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று பின்னர்க் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். அவ்வீட்டு அம்மையார் அத்தனை ஞாயிறும் என்ன சொன்னார்கள் என்று வரலாறு கூறவில்லை.

பட்டியலில் இல்லாதவையும் உண்டு என்பதை 1883-இல் காட்டியவர் இவான் பெர்வூஷின். ரஷ்யாவில் யூரல் மலைப்பகுதியில் ஒரு கிராமத்துப் பாதிரியார். 61 கட்டத்து எண், 2305843009213693951, பகா எண் என்று அவர் கண்டார். மெர்சென் அதனை விட்டுவிட்டார். 67 என்று அச்சிட்டது 61-க்குப் பதிலான எழுத்துப்பிழையாக இருக்கலாம் என்று துறவிக்காகப் பரிந்து பேசியவர்களும் உண்டு. எமக்கு அந்தச் சமாதானத்தில் நம்பிக்கை இல்லை. ஏனெனில் ஓட்டைகள் இரண்டோடு நிற்கவில்லை.

அடுத்த இரண்டு ஓட்டைகளைக் கண்டவரைப் பற்றி எழுதுவதற்காகவே இக்கட்டுரையை எடுத்தோம் என்றாலும் தவறில்லை. ஆர். ஈ. பவர்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் டென்வர் நகரத்தார், 1875-இல் பிறந்தவர். கல்லூரிப் பேராசிரியர் அல்லர். டென்வர்–ரியோ கிராண்ட் இரயில்வேயில் ஊழியராக இருந்தவர் என்று கணித வரலாற்றில் குறிக்கப்பட்டிருக்கிறார். 1911-இல் அவர் 89 கட்டத்து எண் பகா எண் என்று நிறுவினார். 618970019642690137449562111 என்பது அவ்வெண், 27 இலக்கம். அமெரிக்கக் கணிதத் திங்களிதழில் 'பத்தாவது நிறைவெண்' என்ற தலைப்பில் அது வெளிவந்தது. 1914-இல் 107 கட்டத்து எண்ணையும் பகா எண் என்று காட்டினார், 33 இலக்கம். இவ்விரண்டும் மெர்சென் பட்டியலில் இல்லை.

89 கட்டத்து எண்ணுக்குப் படிகள் 87. எண்பத்தாறாம் படிவரையில் சரியாக வந்து எண்பத்தேழில் ஓர் இலக்கம் பிசகினாலும், ஏன், மூன்றாம் படியில் பிசகியிருந்தாலும், பூஜ்யம் வராது. பகா எண்ணைப் பகுபடும் எண் என்று தீர்ப்பளித்துவிட நேரும். பூஜ்யம் வந்தால் மட்டுமே மகிழலாம். தற்செயலாக அத்தனை இலக்கமும் அழிந்து பூஜ்யமாவது நடவாத காரியம். மாதக் கடைசியில் பற்றும் வரவும் ஒத்து நிற்கும்போது உண்டாகும் ஆறுதலை அறிந்தவர்களுக்கு அந்தப் பூஜ்யம் எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும். எவரும் கேட்காத கணக்கு. சம்பள உயர்வும் பதவி உயர்வும் தராத கணக்கு.

பவர்ஸ் அதோடு நிற்கவில்லை. 1931-இல் மேற்சொன்ன லேமரும் அவரும் சேர்ந்து பெரிய எண்களின் காரணிகளைக் காண ஒரு வழியை வெளியிட்டார்கள். கையால் செய்வோருக்கு அது நீண்ட வழி. வெகுகாலம் ஏட்டிலேயே கிடந்தது. 1970-இல் மாரிசன், பிரில்ஹார்ட் என்னும் இருவர் அதனைக் கணிப்பொறியில் ஏற்றி, இரண்டின் 128-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண்ணின் காரணிகளை முதன்முதலாகக் கண்டார்கள். அதுவும் 39 இலக்கமே. லூகாசின் எண்ணுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. அவ்வெண் பகுபடும் என்பது 1905 முதலே தெரியும். எதனால் என்பதுதான் 65 ஆண்டுகள் தெரியாமல் இருந்தது.

லூகாசின் 127 கட்டத்து முடிவை 1914-இல் போகெம்பெர்க் என்னும் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கணக்கிட்டு உறுதிசெய்தார். முதலில் கண்டவரின் பெயரையே நூல்கள் பெரிதாகப் போடுகின்றன; இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தவரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்பது எம் கருத்து. 257-ஐ லேமர் கணக்கிட்டு, அது பகா எண் அன்று என்றார். 1947-க்குள் பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டது. 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 மூன்றும் தவறாக விடுபட்டவை. 1644-இல் எழுதியதற்கு 1947-இல் தணிக்கை முடிந்தது. இதைவிடத் தாமதமான தணிக்கை எந்த இலாகாவிலும் நடந்திராது.

லூகாஸ் இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. 1891-இல் மார்சேய் நகரத்து மாநாட்டு விருந்தொன்றில் பரிசாரகர் கைதவறித் தட்டுகளைப் போட, உடைந்த சில்லு ஒன்று அவர் கன்னத்தில் பட்டுக் காயமாயிற்று. அக்காயத்தில் நஞ்சேறி அக்டோபர் 3-ஆம் நாள் இறந்தார், வயது 49. அவருடைய எண்ணோ, மனிதர் அறிந்த பகா எண்களுள் மிகப் பெரியதாக 1951 வரையில், 75 ஆண்டுகள், அசையாமல் நின்றது. அவ்வாண்டில் பெரியர் என்பவர் மேசைக் கணக்குப் பொறியின் உதவியால் 44 இலக்கப் பகா எண்ணொன்றைக் கண்டார். அதே ஆண்டில் மில்லரும் வீலரும் கேம்பிரிட்ஜில் மின்னணுக் கணிப்பொறி கொண்டு 79 இலக்கத்துக்கு ஏறினார்கள். அதற்கு அவர்கள் படிக்கல்லாகக் கொண்டதும் லூகாசின் எண்ணே. எவ்வகைப் பொறியும் இன்றிக் கையாலேயே உறுதிசெய்யப்பட்டவற்றுள் பெரியது என்னும் சிறப்பு மட்டும் இன்றும் லூகாசுக்கு உரியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952 ஜனவரி 30-ஆம் நாள் அமெரிக்காவில் ராபின்சன் என்னும் பேராசிரியர் எழுதிய கட்டளைகளைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கணிப்பொறி 521, 607 ஆகிய இரு பலகைகளையும் ஒரே நாளில் பகா எண் என்று காட்டிவிட்டது. அப்பொறியை அவர் அதற்கு முன் நேரில் கண்டதில்லை. கையேட்டைப் படித்தே எழுதினார். பயனற்றவை என்று பார்லோ தள்ளிய இவ்வெண்களுள் 521 கட்டத்து எண், இன்று செய்திகளைப் பிறர் படியாதவாறு மறைத்து அனுப்பும் முறைகளுள் ஒன்றுக்கு அடிப்படை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 136279841 கட்டத்துப் பலகையினது, 41024320 இலக்கம். அதனையும் உறுதிசெய்தது நான்கில் தொடங்கி வர்க்கம் கண்டு இரண்டைக் கழிக்கும் அதே கணக்குத்தான்.

லூகாஸ் முறை மெர்சென் எண்களுக்கே சிறப்பாக அமைந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், எண் பெருகும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகாதவாறு, ஐயத்துக்கு இடமின்றிப் பகா எண்ணா என்று அறியும் முறையை 2002-இல் கண்டவர்கள் நம் நாட்டார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். பின்னிருவரும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள். நம்மவர் என்றதும் இராமானுஜன் பெயரோடு நிறுத்திவிடும் வழக்கம் சங்க மேடைகளில் இருப்பதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

127 என்னும் எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. 2 கட்டத்து எண் 3. 3 கட்டத்து எண் 7. 7 கட்டத்து எண் 127. 127 கட்டத்து எண் லூகாசினது. வந்த விடையையே கட்டங்களின் எண்ணிக்கையாகக் கொண்டு அடுத்த பலகையைச் செய்துகொண்டே போனால், இதுவரை எல்லாம் பகா எண்களாகவே வந்திருக்கின்றன. இச்சங்கிலியைச் சுட்டிக்காட்டியவர் கத்தலான் என்னும் பெல்ஜிய நாட்டுக் கணிதர். லூகாஸ் தம் முடிவை வெளியிட்ட 1876-லேயே அவர் இதனை எழுப்பினார். அடுத்த பலகைக்கு 170141183460469231731687303715884105727 கட்டங்கள் வேண்டும். அதன் மொத்த நெல்லை எழுதிக் காட்டவே 38 இலக்கத் தொகையளவு இலக்கங்கள் தேவை. உலகிலுள்ள தாளும் மையும் கணிப்பொறிகளும் சேர்ந்தாலும் அதற்கு இடம் போதாது. ஆகவே படிப்படியாக வர்க்கம் கண்டு பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கும் வழி அங்கே அடைபட்டுவிட்டது. இனி எவரேனும் அதற்கொரு சிறிய வகுஎண்ணைக் கண்டு, சங்கிலி அறுந்தது என்று சொல்லலாம். அவ்வாறு தேடுவோர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை.